அடி விழுந்த பிறகு எழும்புவது: முதல் மூன்று மாதத்துக்கு என்ன செய்யலாம்?

கடலோரப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. ஆட்குறைப்பு என்று கந்தோரில் இருந்து அனுப்பப்பட்டவர், புறக்கோட்டைக் கடையை இழுத்து மூடியவர், லீசிங் கட்ட முடியாமல் ஓட்டோவைப் பறிகொடுத்தவர், மணமுறிவுக்குப் பிறகு தனித்து நிற்பவர் என்று பல பேர். "மனதைத் தளர விடாதே" என்று சொல்ல ஆள் இருக்கிறது. நாளைக் காலையில் எழும்பி முதலில் எதைச் செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உளவளத்துணை, கணக்கு, தொழில் சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்த வரிசையில், எவ்வளவு, எங்கே பிசகும் என்று சொல்லுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறைதான் வேண்டும்.

உளவள_அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ஒரு விசயம். தைரியம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று இருந்தால் அது வராது. செய்கிற வேலைக்குப் பின்னால்தான் அது மெல்ல வரும். 1970களில் பீட்டர் லெவின்சோன் என்ற உளவியலாளர் காட்டியது இதைத்தான். அடி விழுந்தவர் ஒதுங்குகிறார். ஒதுங்கியதால் மனதுக்கு இதமான எதுவும் நடப்பதில்லை. நடக்காததால் இன்னும் ஒதுங்குகிறார். இந்தச் சுழலை எண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது கடினம், செயலைப் பிடித்து நிறுத்தலாம்.

தொடங்கும் இடம் எழும்பும் நேரம். தூக்கம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, எப்போது எழும்புவது என்பது கையில் இருக்கிறது. ஆறரை என்றால் ஆறரை. ஞாயிறும் போயாவும் அதே நேரம்தான், இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும். எழும்பியதும் அரை மணித்தியாலத்துக்குள் வெளிச்சம் படும் இடத்துக்குப் போங்கள், பல்கனியே போதும். இரவில் இருபது நிமிடமளவில் தூக்கம் வராமல் புரண்டால் கட்டிலை விட்டு எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் இருந்து எதையாவது வாசித்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும். பகலில் படுத்தே ஆகவேண்டும் என்றால் மூன்று மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணித்தியாலமளவு ஆகும், அதனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிளேன் டீயையும் குறைக்க வேண்டும். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் நடு இரவுக்குப் பிறகு எழுப்பி விடும். "குடிச்சாத்தான் நித்திரை வருது" என்பவர்கள் விடிய மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு இருப்பது அதனால்தான்.

அடுத்தது ஒரு கொப்பி. ஒவ்வொரு நாளும் முதல் நாள் இரவே மூன்று வரி எழுதுங்கள்: உடம்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வேறொரு மனிதரோடு ஒன்று. "நடக்க வேண்டும்" என்று எழுதினால் நடக்காது. "பின்னேரம் ஐந்தரைக்கு, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமாகப் பத்து நிமிடம், திரும்பப் பத்து நிமிடம்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று மூன்றும் இருந்தால் செய்து முடிப்பவர் தொகை கூடும் என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் பல முறை தெரிந்த விசயம். வீட்டுக்கு ஒன்று என்பது ஒரு லாச்சியை ஒதுக்குவதாக இருக்கலாம். மனிதருக்கு ஒன்று என்பது ஒரு நிமிட ஃபோனாக இருக்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண் போடுங்கள். செய்ய முன் "இது எவ்வளவு நல்லா இருக்கும்" என்று 10க்கு ஒரு எண், செய்த பிறகு உண்மையில் எப்படி இருந்தது என்று இன்னொன்று. சோர்ந்த மனது முன்கூட்டி 1 அல்லது 2 என்று போடும், செய்த பிறகு 3 அல்லது 4 வருவது வழக்கம். ஒரு வாரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டினால் தன் மனதின் முன்கணிப்பு பிழை என்று தன் கையெழுத்திலேயே தெரியும். அதற்காகத்தான் அந்த எண்.

பிசகும் இடம்: அளவு. முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடை, நாலு வேலைக்கு விண்ணப்பம், வீடு முழுக்கத் துப்புரவு என்று போட்டால் மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்க மனம் வராது. ஒரு வரி இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் அந்த ஆளில் பிழை இல்லை, வரி பெரிதாக இருக்கிறது. பாதியாக வெட்டுங்கள்.

கணக்குக்_கொப்பி எழுதியது:

அக்கா சொன்னது சரி. ஆனால் கொழும்பில் அடி என்றால் பாதிக்கு மேல் காசுதான், அதன் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை போகிறவர்கள் முதலில் கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டும். "நானாகவே விலகுகிறேன்" என்ற கடிதத்தை நீட்டி, இதில் போட்டால் மூன்று மாதச் சம்பளம் என்பார்கள். அன்றைக்கே போடாதீர்கள், பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நீங்கள் போடும் கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம். ஏற்கனவே நிறுத்திவிட்டார்கள் என்றால் நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்கு முதல் மாதத்துக்குள் போங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, "மனசு சரியாகட்டும்" என்று தள்ளிப்போடும் பலர் அதைத் தவற விடுகிறார்கள்.

பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடச் சேவை முடிந்திருக்க வேண்டும், நிறுவனத்தில் 15 பேர் இருந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி. கடைசிச் சம்பளம் 90,000, சேவை 8 வருடம் 7 மாதம் என்றால் 45,000 பெருக்கல் 8, அதாவது 360,000 ரூபாய். அந்த 7 மாதம் கணக்கில் வராது. வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தானாக விலகினாலும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியில் வேலைகொடுப்பவர் போட்ட 3 சதவீதம் இருக்கிறது. வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான், அதனால் உண்மையாகவே தேவையா என்று யோசித்து எடுங்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி முழுக்கக் கைக்கு வர பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. அதை நம்பி யாரிடமும் கடன் வாங்காதீர்கள்.

கடை மூடியவருக்குப் பயங்கரமானது பிந்திய திகதி போட்டுக் கொடுத்த செக்குகள். செக் திரும்பினால் அது வெறும் கடன் விசயமாக நிற்காது, சட்ட விசயமாகிவிடும். ஆகவே முதல் வேலை ஒரு தாளில் செக் இலக்கம், யாருக்கு, திகதி, தொகை என்று நாலு நிரல். திகதி வர முன்னமே சப்ளையரிடம் நேரில் போய், இந்தத் தொகையை இத்தனை தவணையில் தருகிறேன், செக்கை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். ஃபோனை எடுக்காமல் விட்டால்தான் புறக்கோட்டையில் பேர் கெடும். நேரில் போனவருக்கு நேரம் கொடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். சீட்டு கட்டுகிறவர்களும் அப்படியே, தவறப்போகும் மாதத்துக்கு முன்பே சீட்டுப் பிடிப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கடன், லீசிங்: தவணை தவறிய பிறகு போவதை விடத் தவற முன் போவது நல்லது. எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கையில் இருக்கும் காசு போகும் வரிசை சாப்பாடு, மருந்து, வாடகை, கரண்ட், தண்ணி. பிறகுதான் கடன்கள். யார் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவதுதான் வழக்கமான தவறு. கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்குவது அதை விடப் பெரிய தவறு.

கொம்பனித்தெரு_நானா எழுதியது:

அக்கா, மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. நீங்க தூக்கத்தில தொடங்கச் சொல்றீங்க. மேசையில திறக்காத கடிதம் பத்து கிடந்தா எந்த மனுசனுக்குத் தூக்கம் வரும்? வரிசை மாறணும். முதல் நாளே ஒருத்தரப் பக்கத்தில வச்சுக்கொண்டு கடிதம் எல்லாத்தையும் திறந்திடணும். தனியாத் திறக்கக் கூடாது. மச்சான், கூட்டாளி, யாராவது ஒருத்தர் வாசிக்கட்டும், இவர் திகதியையும் தொகையையும் மட்டும் எழுதட்டும். அன்றைக்கு எதுக்கும் பதில் போடத் தேவையில்ல.

எழும்புற நேரத்தப் பத்தி: சுபஹுக்கு எழும்புற பழக்கம் உள்ளவங்களுக்கு அந்த நேரம் ஏற்கனவே இருக்கு. சிக்கல், தொழுதுட்டுத் திரும்பப் படுத்து பதினொரு மணிக்கு எழும்புறதுதான். பள்ளியில இருந்து நேரா வீட்டுக்கு வராம பேக்கரிப் பக்கம் போய் பாண் வாங்கிக்கொண்டு வந்தா உடம்பு முழிச்சிடும். கோவிலுக்குப் போறவங்களும், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போறவங்களும் இதே மாதிரி ஒரு நேரத்தப் பிடிச்சுக்கொள்ளலாம். நாள் கலைஞ்சு போனவருக்கு வெளியில இருந்து வாற நேரம் பெரிய உதவி.

உளவள_அக்கா எழுதியது:

நானா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கடிதம் திறப்பது முதல் நாள் வேலைதான். ஆனால் அதற்கு ஒரு வேலி போட வேண்டும். காசு விசயம் காலை பத்தில் இருந்து பதினொன்று வரை. இரவு எட்டுக்குப் பிறகு கடன் பற்றி வீட்டில் கதைக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு முடிவும் எடுக்க முடியாது, யாருக்கும் ஃபோன் பண்ண முடியாது, சண்டை மட்டும் வரும்.

நாள் முழுக்கக் கவலை சுற்றினால் பின்னேரம் ஒரு பதினைந்து நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள், படுக்கும் நேரத்துக்குக் கிட்டவாக வேண்டாம். காலையில் வரும் கவலையை ஒரு சொல்லில் கொப்பியில் குறித்து, "ஐந்து மணிக்குப் பார்க்கிறேன்" என்று தள்ளிவிடுங்கள். ஐந்து மணிக்கு அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று பிரியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஐந்து அமர்வில் முடியும் உதவி முறையில் இந்தப் பிரிப்பு இருக்கிறது: தீர்க்கக்கூடியது, தீர்க்க முடியாதது, முக்கியமில்லாதது. "மாமா கல்யாண வீட்டில் என்ன சொல்லுவார்" மூன்றாவது வகை. "போன வேலை திரும்பி வராது" இரண்டாவது. "பிள்ளையின் டியூஷன் காசு" முதல் வகை. அந்த ஒன்றை மட்டும் எடுத்து, சரி பிழை பார்க்காமல் ஐந்தாறு வழி எழுதி, ஒன்றைத் தெரிந்து, அதன் முதல் சின்ன வேலைக்கு நாளும் நேரமும் போடுங்கள். டீச்சரிடம் இரண்டு மாதத் தவணை கேட்பது ஒரு வழி, பொது நூலகத்தில் இருந்து படிப்பது இன்னொன்று.

முகத்துவாரம்_மகள் எழுதியது:

அக்கா, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவரிடம் எதைக் கேட்பது? கதைக்க வைக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

உளவள_அக்கா எழுதியது:

தங்கச்சி, வற்புறுத்த வேண்டாம். சம்பவம் நடந்த கையோடு ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை பிற்கால உளப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பதிலாக உளவியல் முதலுதவியில் சொல்வது பார், கேள், இணை. சாப்பிட்டாரா, தூங்கினாரா, மருந்து எடுத்தாரா என்று பாருங்கள். கதைத்தால் கேளுங்கள், இடையில் அறிவுரை வேண்டாம். உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்து விடுங்கள்.

எதிரே இருந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதை விட, பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டும்போது கதை வரும். "என்ன யோசிக்கிறீங்க?" என்பதற்குப் பதில் வராது. "மத்தியானம் சோறா, பாணா?" என்பதற்கு வரும். தேர்வு சின்னதாக இருக்கட்டும், ஆனால் தெரிவு செய்பவர் அவராக இருக்கட்டும். அடி விழுந்த வீட்டில் எல்லோரும் ஓடி ஓடி அவருக்காக எல்லாம் செய்துவிடுகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அவருக்கு இருந்த கடைசி வேலையும் போய்விடுகிறது. குப்பை கொண்டு போய்ப் போடுவது, பிள்ளையை வான் வரை கூட்டிப் போவது போன்றவற்றை அவரிடமே விடுங்கள்.

ஒரு நிலையான ஆள் போதும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்தார். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ்ந்து வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி நிமிர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, விட்டுப் போகாத ஒரு பெரியவர். பெற்றோராக இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ ஆசிரியரோ போதும்.

நல்லதே_நினை எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படை எண்ணம்தானே? காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெல்வேன்" என்று சொல்லுகிறவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும். இந்தக் கொப்பி, எண் எல்லாம் ஆளை இன்னும் யோசிக்க வைக்காதா?

உளவள_அக்கா எழுதியது:

உங்கள் நல்ல மனது விளங்குகிறது. நம்பிக்கை இருப்பவருக்கு அந்த வசனம் இதமாக இருக்கும். ஆனால் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டு இருப்பவர் அதைச் சொல்லும்போது உள்ளே இருந்து "பொய்" என்று பதில் வரும், சொன்னதற்கு முன்னை விட மோசமாக உணர்வார். அப்படிப்பட்டவருக்கு நடந்ததை எழுதுவது பலன் தரக்கூடும். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தன் ஆய்வில் செய்த முறை: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், முடிந்ததும் கிழிக்கலாம். நாலு நாளோடு நிறுத்த வேண்டும், அதையே மாதக்கணக்கில் எழுதினால் நீங்கள் பயப்படுகிற அசைபோடல்தான் மிஞ்சும். எழுதிய உடனே மனம் பாரமாக இருப்பது இயல்பு, அதனால் படுக்க முன் எழுதாதீர்கள். அடி விழுந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் தொடங்கவும் வேண்டாம்.

கடலோரப்பாதை எழுதியது:

மிக்க நன்றி. ஒரு மாதம் நல்லாப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று மறுபடி விழுந்தால்? எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

உளவள_அக்கா எழுதியது:

மறுபடி விழும் வாரம் வரும் என்று முதலே எதிர்பாருங்கள். தீபாவளி, பெருநாள், பாடசாலைத் தவணைக் கட்டணம் கட்டும் வாரம், நேர்முகத்தில் இருந்து பதில் வராத வாரம் என்று பெரும்பாலும் நாட்காட்டியிலேயே அது தெரியும். அந்த வாரத்துக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறைந்தபட்சத் திட்டம் ஒன்றை நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள்: அதே எழும்பும் நேரம், குளிப்பு, ஒரு வேளைச் சோறு, ஒருவருக்கு ஃபோன். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வாரம் எதிர்பார்க்க வேண்டாம்.

வைத்தியரிடம் போகும் எல்லை: ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும் பகுதி மனம் இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால், அதோடு தூக்கம், பசி, கவனம் கெட்டால். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மற்ற அரச வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் இலவசம். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். "பத்து நாள் குடித்தேன், பலனில்லை" என்று விடுவதும், சுகமானதும் தானாக நிறுத்துவதும் அதிகம் நடக்கும் பிழைகள். தூக்க மாத்திரையை வேறொருவரின் மருந்துத் துண்டில் வாங்கிக் குடிக்கவே கூடாது.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், சுற்றி வளைக்காமல் "சாக வேண்டும் என்று யோசிக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருந்து, பூச்சிகொல்லி எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். இந்த நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. 1995இல் தற்கொலை உச்சத்தில் இருந்தது, ஒரு லட்சம் பேருக்கு 47 அளவு. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது 70 சதவீதமளவு குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததே உயிரைக் காக்கிறது. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் விடாதீர்கள், 1998இல் இருந்து தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் எந்த நேரமும் தமிழில் கதைக்கலாம். ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கும் சுமித்ரயோவில் நேரில் போய் இருந்து கதைக்கலாம், இலவசம், இரகசியம் காப்பார்கள்.

கணக்குக்_கொப்பி எழுதியது:

இன்னொன்றும் சேர்க்கிறேன். அடி விழுந்த முதல் இரண்டு மாதத்தில் வீட்டை விற்பது, மிச்ச நகை முழுவதையும் அடகு வைத்து வெளிநாடு போவது போன்ற முடிவுகளுக்கு ஆள் அவசரப்படுவார். போகத்தான் வேண்டும் என்றால், ஏஜென்சியின் உரிமம் செல்லுபடியா, அந்த வேலைக்கான அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டாம்.

கொம்பனித்தெரு_நானா எழுதியது:

லீசிங்காரர் ஃபோன் எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பாதிப் பேர் ஃபோனை ஓஃப் பண்றாங்க. ஒரு தாளில எழுதி ஃபோன் பக்கத்தில ஒட்டி வைங்க: "உங்க பேரும் கிளையும் சொல்லுங்க. இந்த மாசம் என்னால இவ்வளவுதான் கட்ட முடியும். இந்தத் திகதியில கிளைக்கு நேர்ல வாறன்." மூணு வசனம், அதுக்கு மேல விளக்கம் வேணாம். ஃபோனை வச்சதும் திகதி, நேரம், யார் கதைச்சது, என்ன சொன்னாருன்னு கொப்பியில ஒரு வரி எழுதுங்க. சொன்ன திகதிக்குக் கிளைக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையோட கொண்டு போங்க.